மண்பாதையும் பழைய ஊர்களும்: ஐந்து நாள் மவுண்டன் பைக் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

"வார இறுதியில் மவுண்டன் பைக்கில் 30 கி.மீ. வரை மண்பாதையில் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வயல்வெளி, சிற்றூர் வழியாக ஓட்டிக்கொண்டு போய், நடுவில் இரண்டு மூன்று பழைய நகரங்களையும் பார்க்க ஆசை. தினமும் 80 கி.மீ. என்று போட்டிருக்கிறேன், சரிவருமா? கல் பாவிய தெருக்களில் இந்த சைக்கிள் தாங்குமா? என்னவெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும்?" இதுதான் கேள்வி.

முதலில் அந்த 80-ஐ 45 ஆக்குங்கள். ஐந்து நாளில் ஒரு நாள் சைக்கிளைத் தொடவே வேண்டாம். ஆக மொத்தம் 400 கி.மீ. அல்ல, 180 கி.மீ. உங்களால் முடியாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உடம்பு பழகியிருந்தால் 80-ஐயும் ஓட்டிவிடலாம். ஆனால் அப்படி ஓட்டினால் நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஊரைப் பார்க்க முடியாது. என் முதல் பயணத்தில் நானும் நாளுக்கு 75 என்று போட்டேன். மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, சுற்றிலும் கோட்டைச் சுவர் இருந்த ஒரு ஊருக்குள் நுழைந்தேன். சாப்பிட்டுப் படுத்து, காலை ஆறுக்குக் கிளம்பிவிட்டேன். பல மாதங்களாகப் படத்தில் பார்த்து ஏங்கிய ஊர் அது. இன்று அதைப் பற்றி எனக்கு நினைவிருப்பது வாசல் வளைவின் நிழல் மட்டும்தான். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

45 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய ஊர்கள் காலால் அளந்து அமைந்தவை. 990-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமிலிருந்து திரும்பியபோது தங்கிய இடங்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஏறக்குறைய 80 இடங்கள். இன்று வியா ஃபிரான்சிஜெனா என்று அழைக்கப்படும் அந்தப் பாதை சுமார் 1,700 கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஒரு தங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாக 20 கி.மீ. சொச்சம். நடப்பவருக்கும் சுமை மிருகத்துக்கும் ஒரு நாளில் எட்டக்கூடிய தூரம் அவ்வளவுதான். மண்பாதையில் சைக்கிளில் போகிறவருக்கு அதில் இரண்டு கட்டம் சேர்ந்தால் ஒரு நாள். காலையில் ஓர் ஊர், மதியம் நடுவில் ஓர் ஊர், மாலைக்கு முன்பே மூன்றாவது ஊர். இந்தத் தாளத்தில் போட்டால் தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாம் தானாகவே சரியான இடத்தில் வந்து அமையும். வழி நெடுக இதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகவே இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். மண்பாதையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், மணியை நம்புங்கள். மூட்டையுடன் சமமான மண்பாதையில் மணிக்கு 12 கி.மீ. சொச்சம் போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 11 நிமிடம் கூட்டுகிறேன். வரும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நிற்பதற்காகச் சேர்க்கிறேன். வேலிக் கதவு திறப்பது, வழி தவறுவது, பஞ்சர், படம் எடுப்பது, யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று பேசுவது எல்லாம் இதில் அடக்கம். 45 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் உள்ள நாளுக்கு ஓட்டம் ஐந்தேகால் மணி, நிற்பது ஒன்றேமுக்கால் மணி, ஆக ஏழு மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்கு ஊருக்குள் இருக்கலாம். குளித்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தாலும் பார்ப்பதற்கு முழு மாலையும் மிச்சம்.

இதே கணக்கைத் தெரிந்த ஒரு பாதையில் போட்டுப் பாருங்கள். தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் வே, வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடிகிறது. 160 கி.மீ., ஏற்றம் எல்லாம் சேர்த்துச் சுமார் 4,000 மீட்டர். என் கணக்குப்படி 27 மணி நேரம், அதாவது நான்கு நாள். அதை ஒரே நாளில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேறு காரியம்.

அடுத்து, வழியைத் தேடும் விதம். வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடத்தில் கோடு இழுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் முதலில் நகரங்களைக் குறிப்பேன், பிறகு அந்த நகரங்களுக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன் வண்டியும் மந்தையும் எப்படிப் போயிருக்கும் என்று பார்ப்பேன். பல நிலப்பகுதிகளில் பழைய வழி மேட்டு முதுகின் மீது போகும். பள்ளத்தாக்கின் அடியில் சேறும் வெள்ளமும் இருக்கும், மேட்டில் மண் சீக்கிரம் காயும். பின்னால் வந்த பொறியாளர்கள் பாலம் கட்டிச் சாலையைக் கீழே கொண்டுபோனார்கள். மேட்டு வழி மண்ணாகவே நின்றுவிட்டது. இன்று உங்களுக்கு வேண்டியது அந்த வழிதான். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. நெடுஞ்சாலை உங்களைக் கிடங்குகளும் எண்ணெய் நிலையங்களும் நிறைந்த புறநகர் வழியாக ஊருக்குள் கொண்டுவரும். பழைய வழியோ நேராகப் பழைய வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். தொலைவில் கோபுரம் தெரியும், பிறகு தோட்டங்கள், பிறகு மதில், பிறகு தெரு. ஊர் தன்னை எப்படிக் காட்ட நினைத்ததோ அந்த வரிசையிலேயே அதைப் பார்க்கலாம். மவுண்டன் பைக்கில் பழைய நகரங்களுக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் பாதையின் மேற்பரப்பு என்ன, தார், சரளை, வெறும் மண் என்பது பல இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பாருங்கள், ஆனால் செயலி தரும் நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். தடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது.

வழியின் ஏற்ற இறக்கத்தைச் செயலி காட்டும் கோட்டில் நான் முதலில் பார்ப்பது கடைசி 10 கி.மீ.தான். மதில் சூழ்ந்த ஊர்கள் பல பாதுகாப்புக்காகக் குன்றின் மேல் அமைந்தவை. எதிரிக்கு எது கஷ்டமோ அது நமக்கும் கஷ்டம். இத்தாலியின் வோல்டெர்ரா கடல் மட்டத்திலிருந்து 530 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வந்தால் கடைசியில் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதுவும் கால் ஓய்ந்த பிற்பகலில். அப்படிப்பட்ட நாளுக்கு 45-ஐயும் 35 ஆக்குங்கள். ஏற்றத்தின் அடியில் அரை மணி உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

அனுமதி விஷயத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைடு சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பது அதே சட்டத்தின் நிபந்தனை. நடைபாதையாக மட்டும் குறிக்கப்பட்டவற்றில் அந்த உரிமை இல்லை. மேலே சொன்ன சவுத் டவுன்ஸ் வே கூட ஆல்ஃபிரிஸ்டன் என்ற பழைய ஊரில் இரண்டாகப் பிரிகிறது. நடப்பவர்கள் செவன் சிஸ்டர்ஸ் கடற்பாறைகள் வழியாகப் போகலாம். சைக்கிள்கள் உள்நாட்டில் ஜெவிங்டன் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்காட்லாந்திலோ 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் போகலாம் என்கிறது. பக்கத்து நாட்டிலேயே இவ்வளவு வித்தியாசம். நீங்கள் போகும் இடத்தின் விதியை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது கல் பாவிய தெரு. உங்கள் சைக்கிள் தாங்கும், கவலை வேண்டாம். தாங்க வேண்டியது உங்கள் கையும் பொருட்களும்தான். எல்லாவற்றையும் தீர்மானிப்பது டயரில் இருக்கும் காற்று. அதிகக் காற்று அடித்தால் வேகமாகப் போகலாம் என்பது வழவழப்பான தரைக்கு ஓரளவு பொருந்தும். கல்லிலும் சரளையிலும் கல் கல்லாக சைக்கிளையும் உங்களையும் மேலே தூக்கிப் போடும், ஒவ்வொரு தூக்கலிலும் முன்னே போக வேண்டிய சக்தி வீணாகும். மெத்தென்ற டயர் கல்லை விழுங்கிக்கொள்ளும், சக்கரம் நேராக உருளும். 2.25 அங்குல அகலமுள்ள டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர், ஓட்டுபவர் 70 கிலோ என்றால் முன்னே 20 முதல் 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னே 23 முதல் 25 என்று தொடங்குங்கள். பின்னால் மூட்டை இருந்தால் இரண்டு கூட்டுங்கள். டியூப் உள்ள டயர் என்றால் இரண்டு சக்கரத்துக்கும் நான்கைந்து கூட்டுங்கள், இல்லையென்றால் கல் விளிம்பில் ரிம் மோதி டியூபில் பாம்பு கடித்தாற்போல இரட்டை ஓட்டை விழும். இவையெல்லாம் தொடக்க எண்கள்தான், ஒரு நாள் ஓட்டிப் பார்த்து உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லில் எப்படி ஓட்டுவது என்பதை, கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பிரான்சின் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தய வீரர்களிடம் கற்கலாம். அந்தப் பந்தயம் 1896 முதல் நடக்கிறது, வென்றவருக்குப் பரிசாகக் கிடைப்பதே ஒரு பாவுகல்தான். அவர்கள் தெருவின் நடு மேட்டில் ஓட்டுவார்கள். ஓரங்களில் கல் தளர்ந்து, இடைவெளி அகன்று, சேறு தங்கியிருக்கும். ஒரு பல் கனமான கியரில் சீராக மிதிப்பார்கள். ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடிப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுவதும் தோளுக்குப் போய்விடும், சைக்கிளும் தன் போக்கில் நகர முடியாமல் தடுமாறும். உங்கள் சைக்கிளின் முன்பக்கத்தில் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் இருந்தால் அதைப் பூட்டாமல் விட்டுவிடுங்கள், போதும்.

மழை பெய்தால் கதை வேறு. நூற்றாண்டுகளாகக் காலும் சக்கரமும் தேய்த்த கல் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அதில் திரும்பும்போது பிரேக்கைத் தொடாதீர்கள், வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிடுங்கள். இரும்பு மூடி, பெயின்ட் கோடு, டிராம் தண்டவாளம் மூன்றும் ஈரத்தில் கல்லைவிட மோசம். தண்டவாளத்தைக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். வெனிஸின் பழைய நகரம் போன்ற இடங்களில் தள்ளிக்கொண்டு போகக்கூட அனுமதி இல்லை. தள்ள வேண்டியிருக்கும் என்பதாலேயே ஒன்று சொல்கிறேன். அடியில் இரும்புக் கிளிப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலணி வேண்டாம், பாவுகல்லில் வழுக்கும். சாதாரணப் பட்டை பெடலும் ரப்பர் அடியுள்ள காலணியும் இந்தப் பயணத்துக்குப் போதும்.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1976-இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுன்டியில் இளைஞர்கள் சிலர் கனமான பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து மண் இறக்கத்தில் பந்தயம் விட்டார்கள். மவுண்டன் பைக் என்ற பொருள் பிறந்த கதையில் அது முக்கியமான இடம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்துப் பிரேக் அடிவாரம் சேர்வதற்குள் சூடாகி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். அடுத்த முறைக்கு மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக், அதாவது 'மறுபடி நிரப்பு' என்று பெயர் வந்தது. இன்று டிஸ்க் பிரேக் இருந்தாலும் இயற்பியல் மாறவில்லை. மூட்டையுடன் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, பிடிப்பு குறையும். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுவதும் விடுங்கள், மறுபடி பிடியுங்கள். பாதி இறக்கத்தில் நின்று கையை உதறுங்கள்.

ஸ்பெயினில் சான்டியாகோ யாத்திரைப் பாதையில் குரூஸ் டி ஃபெர்ரோ என்ற 1,500 மீட்டர் உயரத்து இடத்திலிருந்து மோலினசேகா என்ற பழைய ஊருக்கு 900 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தின் நடுவில் எல் அசேபோ என்ற சிற்றூரைத் தாண்டியதும் அங்கே உயிர்விட்ட ஒரு சைக்கிள் யாத்திரிகருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். காட்சி அழகாக இருக்கும் இடத்தில்தான் கண் பாதையை விட்டு விலகும். பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள்.

அந்தப் பாதை உங்களுக்கு இன்னொரு விதத்திலும் பொருந்தும். யாத்திரைச் சான்றிதழ் பெற நடப்பவர் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும், சைக்கிளில் வருபவர் 200 கி.மீ. ஓட்ட வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு இங்கேயும் வருகிறது, பார்த்தீர்களா! உங்கள் 180 கி.மீ. திட்டத்தைக் கொஞ்சம் நீட்டினால் அதற்கே போதும்.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். களிமண் நிலத்தில் மழைக்கு மறுநாள் போகாதீர்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது, சைக்கிளைச் சுமக்க வேண்டிவரும். அதைவிட, ஈரப் பாதையில் நீங்கள் போடும் பள்ளம் காய்ந்து கெட்டியாகிப் பல மாதம் கிடக்கும். சுண்ணக்கல் பாதை ஈரத்தில் சோப்பு போல வழுக்கும், அதில் கலந்திருக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கவாட்டை அறுக்கும். இத்தாலியின் டஸ்கனியில் இருக்கும் வெள்ளைச் சரளைச் சாலைகள் தொடக்கக்காரருக்கு மிக நல்லவை. அவற்றைத் தார் போட்டு மூடிவிடாமல் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1997-இல் கையோலே இன் கியான்டி என்ற ஊரில் லெரோய்க்கா என்ற, பழைய காலத்து சைக்கிள்களில் போகும் ஓட்டம் தொடங்கியது.

சிற்றூர்களுக்குள் போகும்போது இது யாரோ தினமும் வேலை செய்யும் இடம் என்பதை மறக்கக் கூடாது. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் தாண்டியபின் மூடுங்கள். எதிரே குதிரை வந்தால் தொலைவிலேயே குரல் கொடுத்து, இறங்கி நில்லுங்கள். சத்தமில்லாமல் பின்னாலிருந்து வரும் சைக்கிள்தான் குதிரையை அதிகம் மிரள வைக்கிறது. கன்றுடன் இருக்கும் மாட்டைச் சுற்றிப் போங்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது, நின்றுவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். அறுவடைக் காலத்தில் குறுகிய பாதையில் டிராக்டர் வந்தால் வழி அதற்குத்தான்.

மூட்டை ஏழு எட்டு கிலோவுக்குள் இருக்கட்டும். முதுகுப்பை வேண்டாம், இரண்டாம் நாளே இடுப்பும் உட்காரும் இடமும் வலிக்கும். கனமானவற்றை ஃபிரேமின் நடுப் பையில் வையுங்கள், துணியைச் சீட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். பேடு வைத்த கால்சட்டை இரண்டு, தினமும் ஒன்றைத் துவைத்துக் காயப்போட வேண்டும். கருவிகளில் பம்ப், டியூப், செயின் இணைப்பு, பல்கருவி எல்லோரும் எடுத்துப்போவார்கள். பலர் விட்டுவிடுவது இரண்டு. ஒன்று, ஒரு ஜோடி பிரேக் பேடு. மற்றொன்று, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தால் வளைந்துபோகும் சின்ன உலோகத் துண்டு அது, மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. வழியில் எந்தக் கடையிலும் உங்களுக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கிளம்பும் முன்பே ஒன்று வாங்கிவிடுங்கள். கல் தெருவில் ஓட்டிய நாளின் மாலையில் எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தண்ணீர்க் குடுவையைத் தாங்கும் கூண்டிலிருந்து பிரேக் வரைக்கும்.

தங்குமிடத்தில் சைக்கிளை இரவு எங்கே வைப்பது என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் படிக்கட்டு குறுகலாக இருக்கும், அறைக்குத் தூக்கிப்போக முடியாது. ஓய்வு நாளை மூன்றாம் நாளாக வையுங்கள், மூன்று ஊர்களில் பெரியதிலோ உங்களுக்கு அதிகம் பிடித்ததிலோ. அன்று நடந்து மட்டும் பாருங்கள்.

அப்புறம், கிளம்பும் நாட்களில் விடியற்காலை ஆறரைக்கு, கடைகள் திறக்கும் முன், அந்த ஊரின் பெரிய தெருவையும் சதுக்கத்தையும் ஒருமுறை சைக்கிளில் சுற்றிவிட்டு வாசலைக் கடங்கள். பகலில் இறங்கித் தள்ள வேண்டிய தெருக்கள் அந்நேரம் காலியாக இருக்கும். கல்லில் டயர் உருளும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவது நன்றாகக் கேட்கும். நேர அனுமதி இருக்கிறதா என்று வாசலில் உள்ள பலகையை மட்டும் முந்தின மாலையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, எல்லா மூட்டையையும் கட்டிக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலா 35 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். சனிக்கிழமை எதையும் காட்டாது. ஞாயிறு காலை சீட்டில் உட்காரும்போது என்ன வலிக்கிறது, எந்தப் பை ஆடுகிறது, எந்தப் பொருளைத் தொடவே இல்லை என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டின் உயரத்தையும் சாய்வையும் சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.